இல்லத் தொழிலும் அதனைத் தெரிந்துகொள்ளும் நெறியும்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து அங்கத்தினர் பலரும் விடைபெற்றுச் சென்ற பின்னர், நம் குலத்து அம்மையார் ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, ஒரு விஷயத்தில் தங்கள் அபிப்பிராயம் வேண்டும்" என்றார். அவர் கணவரை இழந்தவர். படிக்கும் மக்கள் இருவரை உடையவர். கற்பூர வில்லை செய்யும் இயந்திரமொன்றை அறுபதினாயிரம் ரூபாய்க்கு விற்பதாக ஒரு வியாபார ஸ்தாபனத்தார் அவரிடம் வந்து சொன்னார்களாம். கற்பூரப் பொடியையும் தாங்களே கொடுத்து, வில்லையாக்கித் தந்தால் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் வாக்களித்தார்களாம். "இருக்கிற நகைகளை அடகு வைத்து வாங்கிவிடலாமா?" என்பதே அவர் கேள்வி. உடனே ஆம் என்றோ அன்று என்றோ விடை சொல்ல நமக்கு மனம் துணியவில்லை. ஒரு மாதத் தவணை கேட்டுக்கொண்டோம். அவ்விடையே இக்கட்டுரை. அவருக்கு மட்டுமன்றி, இவ்வாறே எண்ணமிட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அனைத்திற்கும் இது பயன்படக்கூடுமென்று கருதி இங்கே வெளியிடுகின்றோம்.

இல்லத் தொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. தறியும் இராட்டையும் உலக்கையும் வீட்டிற்குள்ளேயே இருந்தன. வீடு வேறு, தொழிற்சாலை வேறு என்ற பிரிவு பிற்காலத்தில் வந்தது. ஆயினும் வீட்டிலிருந்து செய்த தொழில்கள் யாவும் வீட்டாரை வாழவைத்தன என்று சொல்வதற்கில்லை. சில தொழில்கள் குடும்பத்தை உயர்த்தின. சில கடனில் ஆழ்த்தின. அவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்று வரலாற்றை நோக்கி ஆராய்ந்தால், தொழில் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து வினாக்கள் புலனாகின்றன.

முதல் வினா: தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள் யார் கையில் இருக்கிறது?

சென்னையிலுள்ள சிந்தாதிரிப்பேட்டையை நம்மவர் யாவரும் அறிவர். சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். 1734-ஆம் ஆண்டில், மார்ட்டன் பிட் என்பார் ஆளுநராயிருந்த காலத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் தம் துணி வாணிகத்தின் பொருட்டு நூற்போரையும் நெய்வோரையும் அங்கே குடியேற்றினர். வீடும் தறியும் நெசவாளனிடம் இருந்தன. ஆனால், கும்பினிக்காக இடைநின்ற வணிகர் முன்பணம் கொடுத்தே துணி வாங்கினர். முன்பணம் பெற்றவன் அதனைக் கொடுத்தவருக்கன்றி வேறொருவருக்குத் துணி விற்க இயலாது. விலையையும் அவர்களே வைப்பர். தறி தன்னுடையதாயினும் தொழில் தன்னுடையதன்று என்னும் நிலை இவ்வாறு பிறந்தது. பிற்காலத்தில் இலங்காஷயர் ஆலைத் துணி வந்து குவிந்தபோது, முன்பணத்திற்குக் கட்டுப்பட்டிருந்தவனே முதலில் வீழ்ந்தான். 1935-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது அதுவே. நூலையும் விற்பனையையும் இடைத்தரகர் கையிலிருந்து நெசவாளர் கைக்குக் கொணர்தலே அத்தகைய சங்கங்களின் நோக்கமாயிற்று.

இதே பாடத்தைப் பீடித் தொழிலும் போதிக்கின்றது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கங்களில் எத்தனையோ பெண்மணிகள் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடிமேல் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைக் கண்டிருக்கிறோம். இலை மத்தியப் பிரதேசம் முதலிய இடங்களிலிருந்து வருவது. இலையையும் தூளையும் கொடுப்பவர் ஒப்பந்தக்காரர். எண்ணி வாங்குபவரும் அவரே. சரியில்லையென்று கழிப்பவரும் அவரே. கொடுத்த இலை போதாவிட்டால், குறைந்ததைச் சுற்றுவோர் தம் கைப்பணத்தால் வாங்கி நிரப்ப வேண்டிய வழக்கமும் இருந்துவந்தது. 1966-ஆம் ஆண்டில் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டதற்கு இத்தகைய குறைகளே காரணம். வீட்டிலிருந்து செய்வதால் மட்டும் ஒன்று சொந்தத் தொழிலாகிவிடாது. பொருளும் விலையும் பிறர் கையில் இருப்பின், அது கூலிவேலையே. கூலிவேலை இழிவென்று நாம் சொல்லவில்லை. ஆனால், கூலிவேலையைச் சொந்தத் தொழிலென்று எண்ணி, அதற்காக நகையை அடகு வைப்பது அறியாமையாகும்.

இரண்டாம் வினா: தொழிலை நாம் நன்கு கற்றிருக்கிறோமா?

சிவகாசியின் கதை பலரும் கேட்டதே. எனினும் அதன் முதற்பகுதியைச் சிலரே கவனிக்கின்றனர். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவிற்குச் சென்றனர். சரக்கு வாங்குவதற்காக அவர்கள் செல்லவில்லை. தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்பதற்காகவே சென்றனர். மாதக்கணக்கில் அங்கே தங்கிக் கற்று, 1923-இல் ஊர் திரும்பிய பின்னரே தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த கரிசற்பூமி அது. விவசாயம் அடிக்கடி பொய்த்தது. வேலை தேடும் கைகள் மிகுந்திருந்தன. வறண்ட காற்றோ, தீக்குச்சியை உலர்த்துவதற்கு உகந்ததாயிற்று. ஊருக்குக் குறையாயிருந்ததே தொழிலுக்கு நிறைவாயிற்று. இதனை அவர்கள் கண்டுகொண்டதற்குக் காரணம், முதலில் வித்தையைக் கற்றுப் பின்னர் முதல் போட்டமையே. நம்மில் பலர் முதலைப் போட்டுவிட்டுப் பின்னர் கற்கப் புகுகின்றோம். அவ்வழியில் கற்கும் பாடத்திற்குக் கட்டணம் மிக அதிகம்.

மூன்றாம் வினா: செய்த பொருளை வாங்குவோர் யார்?

இவ்வினாவைக் கேளாமையால் நேர்ந்த கேட்டினை நம் காலத்திலேயே கொங்கு நாட்டில் கண்டோம். பெருந்துறை முதலிய இடங்களில் ஈமுக் கோழி வளர்ப்பு என்றொரு தொழில் திடீரெனப் பரவிற்று. ஈமு ஆஸ்திரேலியா தேசத்துப் பறவை. இலட்சக்கணக்கில் வைப்புப் பணம் கட்டினால் குஞ்சுகளையும் தீவனத்தையும் தருவோம். மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவோம். வளர்ந்த பறவைகளை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று விளம்பரம் செய்தனர். நிலத்தை விற்றும் நகையை விற்றும் பணம் கட்டியவர் பலர். ஈமுவின் இறைச்சியை யார் உண்கிறார்கள், முட்டையை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டவர் சிலரே. உண்மையில் பழையவர்களுக்கு மாதந்தோறும் கிடைத்த தொகை, புதியவர்கள் கட்டிய பணமே. புதியவர் வரவு குறைந்தவுடன், 2012-ஆம் ஆண்டில் யாவும் சரிந்து வீழ்ந்தன. கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட நேர்ந்தது. நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்து தண்டனைகளும் விதிக்கப்பட்டன. ஆனால், தண்டனை கண்டதால் போன நிலம் திரும்பி வரவில்லை.

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் நம் தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள். 1892-இல் பிறந்த அவர் கணக்குத் தணிக்கையில் தேர்ந்தவர். பம்பாயில் அத்தொழிலை நடத்திவந்தவர். காந்தியடிகளைச் சந்தித்த பின் அதனை விடுத்துக் கிராமத் தொண்டில் இறங்கினார். 1934-ஆம் ஆண்டில் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் காரியங்களை நடத்தியவர் அவரே. ஆனால், அதற்கு முன்னரே அவர் செய்தது யாது? குசராத்து வித்தியாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லாவிலுள்ள மாதர் தாலூகாவிற்குச் சென்று, ஊர் ஊராக மக்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். இன்ன தொழில் வேண்டும், இன்ன தொழில் வேண்டாம் என்று பேசுமுன், மக்கள் என்ன வாங்குகின்றனர், எதற்குச் செலவிடுகின்றனர் என்று அறிய முற்பட்டார். தாலூகா முழுவதையும் நாம் கணக்கெடுக்க வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும் போதும். ஒரு நோட்டுப்புத்தகத்துடன் ஐம்பது வீடுகளுக்குச் சென்று, எந்தப் பண்டத்தைக் கடையில் வாங்குகிறீர்கள், மாதத்திற்கு எவ்வளவு வாங்குகிறீர்கள், அதில் என்ன குறை காண்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டால், எந்த விளம்பரமும் சொல்லாத உண்மை விளங்கிவிடும்.

நான்காம் வினா: முதல் எவ்வளவு, அது எங்கிருந்து வருவது?

1959-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் பம்பாய் நகரில் கிர்காம் என்னுமிடத்தில் ஏழு பெண்கள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் கூடி அப்பளம் இட்டனர். கடனாகப் பெற்ற எண்பது ரூபாயே அவர்களுக்கு முதல். அன்று செய்த அப்பளம் நான்கு கட்டுகள். அவர்கள் கற்றிருந்த கல்வி சொற்பம். ஆனால் அப்பளமிடும் கைப்பழக்கம் தாய்வழி வந்தது. அவர்களுக்குத் துணைநின்ற பெரியவர் சகன்லால் பாரேக் என்பார், மட்டமான சரக்கொன்றும் உயர்ந்த சரக்கொன்றும் என இருவகை செய்யாமல், ஒரே தரத்தில் நல்ல சரக்கே செய்யும்படியும், கணக்கை ஒழுங்காக எழுதும்படியும் வற்புறுத்தினார். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலையும் ஓர் அடுப்பையும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். குறை இன்னதென்று கண்டபின், அக்குறையைத் தீர்க்குமளவே பொருள் வாங்கினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவ்வெழுவர் தொடங்கியதே லிஜ்ஜத் அப்பளம். இன்று நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதன் உறுப்பினராயுள்ளனர். பிசைந்த மாவை வீட்டிற்கு எடுத்துச்சென்று, அப்பளமாக இட்டுக் கொணர்ந்து கொடுத்து ஊதியம் பெறுகின்றனர். இங்கும் மாவு வேறிடத்திலிருந்து வருகிறதே, பீடிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று ஒருவர் வினவலாம். வேறுபாடு இதுவே: அப்பளமிடும் பெண்களே அந்நிறுவனத்தின் உடைமையாளர், இலாபமும் அவர்களுக்கே பங்காகிறது. எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கடன் வாங்குதலே தவறென்று நாம் சொல்ல வரவில்லை. தையல் இயந்திரத்தின் வரலாறு அதற்குச் சான்று. 1856-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிங்கர் கும்பினியார் தவணைமுறையில் இயந்திரம் விற்கத் தொடங்கினர். மொத்த விலையை ஒருசேரக் கொடுக்க இயலாத குடும்பங்களும், இயந்திரத்தில் தைத்துச் சம்பாதித்தே அதன் விலையைச் செலுத்த அதனால் வழி பிறந்தது. நம் தேசத்திலும் அயல்நாட்டு இயந்திரங்களும், பின்னர் கல்கத்தாவில் செய்யப்பட்ட உஷா இயந்திரமும் எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரியச் செய்தன. இங்கே கடன் நன்மையாய் முடிந்தது ஏன்? இயந்திரம் வாங்கியவர் எவருக்கு வேண்டுமாயினும் தைக்கலாம்; துணி கொண்டுவருவோர் ஒருவரல்லர், பலர்; தொழில் நின்றாலும் இயந்திரத்தை விற்றால் பாதி விலையாவது கிடைக்கும். இம்மூன்றும் உள்ள கடனே தாங்கத்தக்க கடன்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். அறுபதினாயிரம் ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் வாங்குவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் மாத வட்டி 600 ரூபாய். அசலை இருபத்துநான்கு மாதங்களில் தீர்ப்பதானால் மாதத்திற்கு 2,500 ரூபாய். ஆக, முதல் மாதத்தில் 3,100 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு கட்டுக்குப் பத்து ரூபாய் இலாபம் நிற்குமாயின், கடனுக்கு மட்டுமே 310 கட்டுகள் விற்றாக வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் கட்டுக்கு மேலாகிறது. வீட்டுச் செலவிற்கென்று ஒரு காசு மிஞ்சுவது அதற்குப் பின்னரே. மின்சாரம், பொட்டலத்தாள், போக்குவரத்து, விற்காமல் தங்கும் சரக்கு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் கணக்கு நிற்குமாயின் துணிந்து இறங்கலாம். நிற்காதாயின், ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம்.

ஐந்தாம் வினா: இத்தொழிலால் வீட்டிற்கும் குழந்தைகளுக்கும் தீங்கு வருமா?

தொழிற்சாலைக்குள் தீ மூண்டால் தொழிற்சாலை எரியும்; வீட்டிற்குள் தீ மூண்டால் குடும்பமே எரியும். சிவகாசியைப் புகழ்ந்த நாம் அதன் மறுபக்கத்தையும் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. தீப்பெட்டி ஒட்டுதலும் குச்சி அடுக்குதலும் வீடுவீடாகப் பரவியபோது, பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர் சிறுமியரின் விரல்களும் அதிலே ஈடுபட்டன. 1986-இல் குழந்தைத் தொழில் தடைச்சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பீடித் தூளோ சுற்றுவோரின் மார்பில் சென்று தங்கி இருமலை உண்டாக்குகிறது; தொட்டிலில் உறங்கும் குழந்தையையும் அது விடுவதில்லை. ஆகையால், தீப்பற்றும் பொருள், நச்சுப்புகை, தூள் ஆகியவற்றோடு சேர்ந்த எத்தொழிலையும் படுக்கும் அறையும் சமைக்கும் அறையும் உள்ள வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது. பிள்ளையின் படிப்புக்காகத் தொடங்கிய தொழில், அப்படிப்பையே கெடுக்குமாயின், அதனால் யாது பயன்?

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை கூறல் வேண்டும். வீட்டிலிருந்து உணவுப்பண்டம் செய்து விற்பவரும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அதே 2006-இல் இயற்றப்பட்ட சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறுதொழில் செய்வோரிடம் சரக்கு வாங்கியவர் நாற்பத்தைந்து நாட்களுக்கு மேற்படாமல் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டியும் கொடுக்கக் கடமைப்பட்டவராவர். 2020-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. அதற்கென்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நிற்க. இனி அவ்வம்மையாரின் கேள்விக்கு வருவோம். கற்பூரப் பொடி அந்த ஸ்தாபனத்தார் கையில் இருக்கிறது. ஆகவே முதல் வினாவிலேயே தடை. தொழிலை அவர் கற்றவரல்லர். அரைநாளில் கற்பித்துவிடுவதாகச் சொல்கின்றனர். இது இரண்டாம் தடை. வாங்குவோர் அந்த ஒருவரே. நாளை அவர் கடையைப் பூட்டிக்கொண்டு சென்றால் வில்லைகளை யாரிடம் விற்பது? இது மூன்றாம் தடை. முதலோ அடகு நகை; இயந்திரத்தைத் திரும்ப விற்றால் யார் வாங்குவர் என்பதும் தெரியாது; இது நான்காம் தடை. கற்பூரமோ பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பொருள். அவர் குடியிருப்பதோ இரண்டு அறையுள்ள வாடகை வீடு. இது ஐந்தாம் தடை. ஐந்து வினாக்களில் ஒன்றுக்குக்கூட நல்ல விடை இல்லாத தொழிலில் நகையை இடுதல் தகாது என்பதே நம் முடிவு. அந்த ஸ்தாபனத்தார் நேர்மையற்றவர் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அதற்குரிய ஆதாரம் நம்மிடமில்லை. அவர்கள் நேர்மையுடையவராயினும் இத்தொழில் இக்குடும்பத்திற்கு ஏற்றதன்று என்பதே நாம் சொல்வது.

பின் என்ன செய்வது? வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டிற்குச் சென்றுவிடுதல் சங்கத்திற்கு அழகன்று. அவ்வம்மையாரின் கையால் இடித்த சாம்பார்ப் பொடியையும் அவர் பிழிந்த வடகத்தையும் நம்மில் பலர் கலியாண வீடுகளில் உண்டிருக்கிறோம். கேட்டு வாங்கிச் சென்றவர்களும் உண்டு. மிளகாயும் மல்லியும் பருப்பும் எந்தக் கடையிலும் கிடைப்பவை. ஒருவர் தரமாட்டேனென்றால் மற்றொருவர் தருவார். வித்தை அவர் கையிலேயே இருக்கிறது. வாங்குவோர் பலர். முதலுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் போதும். அரைப்பதற்கு மாவுமில் தெருக்கோடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் வடகம் காயாதே என்று அவர் கவலைப்படலாம். பம்பாய்ப் பெண்கள் கட்டிலுக்கடியில் அடுப்பு வைத்த கதையை அவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அன்றி, அம்மாதங்களில் பொடிவகைகளை மட்டும் செய்யட்டும். முதல் ஆறு மாதம் இலாபம் சொற்பமாகவே இருக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. நகை பெட்டியிலேயே இருக்கும். அதுவே பெரிய இலாபம்.

சங்கத்திற்கும் இவ்விஷயத்தில் கடமையுண்டு. மூன்று காரியங்களை அங்கத்தினர் முன் வைக்கின்றோம். ஒன்று: இல்லத் தொழில் தொடங்க விரும்பும் குடும்பத்தார் முதலில் வந்து கலந்தாலோசிக்கத்தக்க ஐவர் குழு ஒன்று ஏற்படுத்தல் வேண்டும், அதில் இருவர் பெண்களாயிருத்தல் வேண்டும். இரண்டு: கணக்கு எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, இத்தகைய குடும்பங்களுக்கு வரவு செலவு எழுதக் கற்பிக்க வேண்டும். மூன்று: நம் இல்லங்களில் நடைபெறும் விசேஷங்களுக்கு வேண்டிய பொடி, அப்பளம், வடகம், தையல் முதலியவற்றை, தரமும் விலையும் ஒத்திருக்குமாயின், இத்தகைய குடும்பங்களிடமே வாங்க வேண்டும். இரக்கத்தால் ஒரு முறை வாங்குவதைவிட, தரம் கண்டு மறுமுறை வாங்குவதே உண்மையான உதவி. குறையிருப்பின் முகத்திற்கு நேரே சொல்லித் திருத்துவதும் அவ்வுதவியின் பகுதியே.

இக்கட்டுரையைக் கண்ணுறும் தாய்மாரும் சகோதரிமாரும் ஐந்து வினாக்களையும் ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். எவரேனும் இயந்திரத்தைப் பற்றியோ வைப்புப் பணத்தைப் பற்றியோ சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அத்தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடை திருப்தியாக இல்லையாயின், "எங்கள் சங்கத்தாரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அவ்வாறு கேட்க வருவோருக்காக நம் சங்கத்தின் கதவு எந்நாளும் திறந்தேயிருக்கும்.

அடுத்த கூட்டத்திற்கு அவ்வம்மையார் ஒரு டப்பா சாம்பார்ப் பொடியுடன் வருவார் என்று எதிர்பார்க்கின்றோம். விலை கொடுத்து வாங்குவதற்கு அங்கத்தினர்கள் ஆயத்தமாக வருவார்களாக.